நாற்பதாம் அலையும் ஒன்பது வட்டிலும்

திரு வளர்க. திரை அடங்குக.

மணற்குன்றக் கோட்டையில் வெண்சங்குக் கொடி உயர்த்தி, ஏழு துறையும் இரண்டு கழிமுகமும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் திரைவென்ற பெருமான் திருவாய் மலர்ந்தருளியபடி, திருவோலை அதிகாரி நன்னாகன், நெய்தல்வாய்த் துறைக்குப் புதிதாக நாயகமாய் அமர்ந்த வெண்கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் காற்று முறை தவறாது வீசுக. கடலுக்குள் இறங்கியவர் எல்லாரும் மேலே வருக. உமது மனையும் சுற்றமும் நலம் பெறுக.

உமது ஓலை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு செய்தி கேட்டிருக்கிறீர். மூச்சடக்கும் விழாவில் இவ்வாண்டு வென்றவள் பெண்ணல்லள், மருத்துவச்சிகளைக் கொண்டு அவள் உடலைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவன் முறையிட்டிருக்கிறான், என்ன செய்வது என்பது ஒன்று. வேறெந்தத் துறையிலும் இல்லாதபடி நெய்தல்வாயில் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வட்டிலும் பாட்டும் சேர்த்தே வைப்பது ஏன் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே. அதைச் சொல்ல வேட்டன் என்னும் முத்துக்குளிப்பவனின் கதையைச் சொல்ல வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றை மறைக்காமல் எழுதுவது கடமை. இது நடந்து ஏழு ஆண்டாகிறது. அன்று அவையில் எழுதிய ஏட்டுக்கட்டைச் செல்லரித்துவிட்டது. மிஞ்சியவை நான்கு ஏடுகள். மற்றவை இவ்வோலை எழுதுபவனின் நினைவிலிருந்து வருகின்றன, அந்த நினைவு சரிதானா என்பதில் அவனுக்கே ஐயம் உண்டு. தீர்ப்புச் சொன்ன அன்று மழை பெய்ததா இல்லையா என்பதை அவன் இருமுறை இருவிதமாக நினைத்திருக்கிறான். ஆனால் சாட்சிகளின் சொல்லை வாயிலிருந்து விழுந்தபடியே எழுதுவது நம் அவையின் வழக்கம். அச்சொற்கள் அந்த நான்கு ஏடுகளில் பிழையின்றி இருக்கின்றன. வேட்டனின் நெஞ்சில் ஓடியதை வேட்டனே பின்னாளில் சொன்னான். அதற்குமுன் பல நாள் அவன் வந்து கோட்டையின் கடற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போயிருக்கிறான். இவ்வோலை எழுதுபவனும் எதுவும் கேட்டதில்லை.

நெய்தல்வாயின் பழைய வழக்கத்தை நீர் அறியமாட்டீர். முத்துக்குளிப்புத் தொடங்குவதற்கு முந்தைய நாள் அங்கே மூச்சடக்கும் விழா. காலையில் ஆண்கள் இறங்குவர். இரண்டாள் ஆழத்தில் கல்லில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இருக்க வேண்டும். கரையில் ஒரு பானை நீரில், அடியில் ஊசித்துளை இட்ட செப்பு வட்டிலை மிதக்கவிடுவர். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்க, ஒருவன் முப்பது அடி நடக்கும் நேரம் ஆகும். மூழ்கியதும் வட்டில்காரன் ஒன்று என்று கூவி அடுத்ததை மிதக்கவிடுவான். கூடியிருப்பவர் எல்லாருடைய கண்ணும் அந்த வட்டிலின் மேல் இருக்கும். அதிக வட்டில் தங்கியவனுக்கு முதல் மூச்சு என்ற உரிமை. அவ்வாண்டு அவன் குதித்த பிறகே மற்றவர் ஆழக்கடலில் குதிக்கலாம்.

பெண்கள் பிற்பகலில் இறங்குவர். ஆழக்கடல் அவர்களுக்கு இல்லை. கரையோரத்துச் சங்குதான் அவர்கள் எடுப்பது. அவர்களுக்கு வட்டிலும் இல்லை. பெண்ணின் மூச்சு அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் மூச்சும் ஆதலால், அதைச் செம்பு கொண்டு அளந்தால் பிள்ளையின் ஆயுள் குறையும் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னவர் பெயரை இவ்வோலை எழுதுபவன் எல்லாச் சுவடியிலும் தேடினான், கிடைக்கவில்லை. ஆகவே பெண்களுக்குப் பாட்டுதான் அளவு. மற்றப் பெண்கள் தோணிகளில் நின்று பலகையில் கோல் தட்டி அலைப்பாட்டுப் பாடுவர்.

“ஒன்றாம் அலை வந்து ஒதுங்கிக் கரைசேரு முன்னே
சென்ற மகளே நீ சேரம்மா கரைக்கு முன்னே”

என்று தொடங்கி, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டு அது. எத்தனையாம் அலையில் ஒருத்தி மேலே வந்தாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் எத்தனை அலைக்கு எத்தனை வட்டில் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடிதான் இரண்டு அளவையும் வைத்திருந்தார்கள்.

வேட்டன் எட்டு ஆண்டு தொடர்ந்து வென்றவன். ஒன்பது வட்டில் வேட்டன் என்பதே அவன் பெயராகிவிட்டது. மூச்சு முட்டி மேலே வரும்போது அவன் மூக்கில் இரத்தம் வழியும். சங்கு ஊதுவர். வட்டில்காரன் ஒன்பது என்று கூவுவான். ஊரார் ஆரவாரிப்பர். அவனும் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் வட்டிலைத்தான் பார்ப்பான்.

ஒன்பதாம் ஆண்டு விழாவில் அவன் காலையில் வென்றுவிட்டு, பிற்பகலில் பனைநிழலில் சாய்ந்திருந்தான். செள்ளை என்பவள் நீரில் இறங்கினாள். அவள் இருபத்தெட்டு வயதுச் சங்குக்காரி. கணவன் மரக்கலத்தோடு போனவன், பிள்ளையில்லை. முப்பதாம் அலை பாடினார்கள். முப்பத்தைந்தாம் அலை பாடினார்கள். நாற்பதாம் அலையில் செள்ளை மேலே வந்தாள். எவளும் அதற்குமுன் முப்பத்திரண்டைத் தாண்டியதில்லை. ஆனால் வேட்டனைத் தைத்தது அந்த எண் அல்ல; அவள் சிரித்துக்கொண்டே மேலே வந்தது. மூக்கில் இரத்தம் இல்லை. தோணியிலிருந்து நான்கு பெண்கள் குதித்து அவளைத் தாங்கி, துணி போர்த்தி, முதுகைத் தேய்த்து, ஏசவும் செய்தார்கள். “பாவி, எங்க உசிரைக் கையில புடிக்க வச்சியேடீ” என்று ஒருத்தி அழுதுகொண்டே அடித்தாள். அவள் இன்னும் சிரித்தாள்.

அன்று தொடங்கியது. சோறு இறங்கவில்லை. தனக்கு ஒன்பது ஆண்டில் வராத ஏதோ ஒன்று அவளுக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததால், அது மூச்சின் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டான்.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில், தெருவே கடலுக்குப் போயிருந்தபோது, பழைய வட்டில் ஒன்றை எடுத்துவந்து வீட்டுப் பானையில் மிதக்கவிட்டு, மனைவி குமுதியை அழைத்து அலைப்பாட்டைப் பாடச் சொன்னான். அவள் சிரித்தாளாம். “உமக்கு எதுக்கு எங்க பாட்டு? புள்ளை பெத்துக்கப் போறீரோ?” என்று கேட்டாளாம். சும்மா பாடு என்றான். அவள் மரக்காலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாடினாள். நாற்பதாம் அலை முடிந்தபோது பதினோராம் வட்டில் மூழ்கியது. திரும்பப் பாடச் சொன்னான். திரும்பவும் பதினொன்று. போதும் என்று சொல்லி வட்டிலைக் கவிழ்த்துவைத்தான்.

ஓராண்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆழத்தில் சிப்பியைத் தடவும்போதும் பதினொன்று என்றே உள்ளே ஒலித்தது. அவனை அன்போடு ஒன்பது வட்டில் என்று அழைத்தவர்கள் இகழ்வதுபோலத் தோன்றியது. செள்ளை சங்குக்கூடையோடு போனால், பேச்சை நிறுத்திவிட்டு அவள் தோளையும் நடையையும் குரலையும் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் ஆணுடையதாகத் தெரிந்தது. பெண்ணால் அவ்வளவு முடியாது. முடிந்ததால் அவள் பெண்ணல்லள். அப்படியானால் தான் ஒரு பெண்ணிடம் தோற்கவில்லை. இந்த வழியில் போனபோதுதான் அவனுக்குச் சற்று உறக்கம் வந்தது.

அடுத்த விழாவிலும் நாற்பதாம் அலை. அதே சிரிப்பு. பக்கத்தில் நின்ற தோணிக்காரன் ஒருவன், “என்ன வேட்டா, பாட்டுக்கு முங்குறவளை முழுங்குற மாதிரி பாக்குற?” என்று கேலி செய்தான். மறுநாள் வேட்டன் கோட்டைக்கு வந்து முறையிட்டான். செள்ளை ஆண், பெண்வேடத்தில் பெண்களை ஏய்க்கிறாள், உடலைச் சோதித்து வெளிப்படுத்த வேண்டும் என்பது அவன் முறையீடு.

முறையீடு அவைக்கு வர இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளில் நெய்தல்வாய் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பெண்கள் குளிக்கும் துறையில் செள்ளை இறங்கினால் மற்றவர் கரையேறினர். முந்தைய மாதம் அவள் முதுகைத் தேய்த்தவர்களும் ஏறினர். சந்தையில் ஆண்கள் அவள் மார்பைப் பார்த்துப் பேசினர். அவைக்கு வந்தபோது அவள் போர்வையால் கழுத்துவரை மூடியிருந்தாள்.

அவையில் வேட்டன் தன் சான்றுகளைச் சொன்னான்: அகன்ற தோள், கட்டைக் குரல், பிள்ளையில்லாமை. செள்ளையின் மறுமொழி ஏட்டில் இப்படி இருக்கிறது: “தோளு அகலமா இருந்தா ஆம்பளையா சாமி? அவரு பொண்டாட்டி குமுதி தோளைப் பாருங்க, என்னைவிட ரெண்டு விரல் கூட. அவளையும் சோதிச்சுருவோமா?” அவை சிரித்தது. வேட்டன் முகம் கறுத்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவள் மேலும் சொன்னாள்: “சோதிச்சுப் பாத்து நான் பொம்பளைதான்னு தெரிஞ்சா எனக்கு என்ன குடுப்பீங்க? உரிச்சு எடுத்ததைத் திரும்ப உடுத்திவிடுவீங்களா?”

அழைக்கப்பட்டிருந்த தலைமை மருத்துவச்சியைச் சோதிக்க ஆயத்தமா என்று கேட்டனர். அவள் சொன்னது: “நாப்பது வருசமா புள்ளை எடுக்கேன். பொறந்த புள்ளை முதல் மூச்சு இழுக்குறதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, எது ஆணு எது பொண்ணுன்னு எனக்கே தெரியாது. வழக்கு மூச்சைப் பத்தி. என்னை ஏன் வேற எடத்தைப் பாக்கச் சொல்லுறீய?”

அப்போதுதான் அரசர் வேட்டனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெண்ணால் அவ்வளவு நேரம் மூச்சடக்க முடியாது என்கிறாயே, எவ்வளவு நேரம் என்பது அந்தக் கேள்வி.

வேட்டன் பின்னாளில் சொன்னது: அந்தக் கணத்தில் தான் தோண்டிய குழி முழுவதும் அவனுக்குத் தெரிந்தது. அவள் அளவை அறிந்தவன் உலகத்தில் அவன் ஒருவனே. குமுதிக்குக்கூடப் பாடியது தெரியும், வட்டில் எண்ணிக்கை தெரியாது. அவன் பேசாமல் இருந்திருந்தால் சாகும்வரை ஒன்பது வட்டில் வேட்டனாகவே இருந்திருக்கலாம். ஆனால் அரசர் கேட்டுவிட்டார். “பதினொரு வட்டில்” என்றான்.

அவையில் யாரோ உரக்க மூச்சிழுத்த ஒலி கேட்டது. செள்ளையே திகைத்துத் திரும்பி, “பதினொண்ணா? நானா?” என்று கேட்டாள். அவள் வாழ்நாளில் தன் அளவைக் கேட்பது அதுவே முதல் முறை.

எப்படி அளந்தாய் என்று கேட்டபோது எல்லாம் வெளிவந்தது. குமுதியை அழைத்தார்கள். அவள் கணவனைப் பார்க்காமல் நின்றாள். வீட்டில் பாடியதும் கரையில் பாடுவதும் ஒன்றுதானா என்று கேட்டனர். அவள் சொன்னது முழுவதும் ஏட்டில் உள்ளது:

“பாட்டு ஒண்ணுதான் சாமி. பாடுறது ஒண்ணில்ல. கரையில தண்ணிக்குள்ள ஒருத்தி இருப்பா. இருபதாம் அலை தாண்டுனா எங்க வாய் எங்க பேச்சைக் கேக்காது, தானா ஓடும். முப்பதுக்கு மேல போனா கோலு கையில நிக்காது. சீக்கிரம் வாடீ, வாடீன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்கும். வீட்டுல யாரு இருந்தா? இவரு வட்டிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் நிதானமா பாடுனேன். பதினொண்ணு தப்பு சாமி. அதுல ரெண்டு வட்டிலு என் நிம்மதி.”

ஓராண்டாகத் தன்னைத் தின்ற எண், யாரும் நீருக்குள் இல்லாததால் வந்த எண் என்று வேட்டன் அப்போது அறிந்தான். அதனால் அவன் பொறாமை தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. இடம் மாறியது. எட்டு ஆண்டு, ஒன்பது ஆண்டு, அவன் நீருக்குள் இருந்தபோது எவருடைய வாய் பதறியது? எவர் கையில் கோல் நிற்கவில்லை? எல்லாரும் வட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமுதியும் அவர்களோடு நின்று வட்டிலைத்தான் பார்த்தாள். ஆண்கள் இறங்கும் வேளையில் பெண்கள் பாடக்கூடாது, தண்ணீரைப் பார்த்து அஞ்சக்கூடாது, அஞ்சினால் இறங்கியவனுக்கு இழுக்கு என்பது வழக்கம். செள்ளை சிரித்துக்கொண்டே ஏறியபோது தன்னைத் தைத்தது எது என்று அவனுக்கு ஓராண்டு கழித்து விளங்கியது.

அரசரின் தீர்ப்பு சுருக்கமானது. எவள் உடலையும் எவரும் சோதிக்க வேண்டாம். மூச்சைப் பற்றிய வழக்கை மூச்சே தீர்க்கட்டும். வேட்டனும் செள்ளையும் ஒரே வேளையில் அருகருகே இறங்குக. இருவருக்கும் வட்டிலும் வைக்க, பாட்டும் பாடுக. செள்ளைக்கு ஆழக்கடல் உரிமை உண்டா இல்லையா என்பதை அதன்பின் பார்ப்போம். பிள்ளையின் ஆயுள் குறையும் என்று கோயில் முதியவர் ஒருவர் எழுந்தார். செள்ளை அவரைக் கும்பிட்டு, “பொறக்காத புள்ளைக்கு நீங்க கவலைப்படுதீய. இருவது நாளா நான் குளிக்கலையே, அதுக்கு யாரு கவலைப்பட்டா?” என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

எட்டாம் நாள் காலை. இரண்டு கயிறும் கைநீளம் இடைவெளியில் கட்டப்பட்டன. கரையில் வட்டில், தோணிகளில் பெண்கள், முதல் தோணியில் குமுதி. செள்ளைக்காகப் பாட வரமாட்டோம் என்று வீம்பு பிடித்திருந்த சிலரும் கடைசியில் வந்து கோலை எடுத்தனர். அவர்களை ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வேட்டன் நீருக்குள் கண்ணை மூடிக்கொண்டான். எப்போதும் அங்கே அவனுக்குத் தன் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்கும். அன்று பலகையில் கோல் தட்டும் ஒலி நீர்வழியே வந்தது. முதலில் சீராக இருந்தது. அவன் அலைகளை எண்ணவில்லை. அந்த ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தான். எங்கோ நடுவில் அது வேகமெடுத்தது. பிறகு தடுமாறியது. ஒரு கோல் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடியது. முதல் தோணியின் பக்கமிருந்து வந்தது அது. யாருக்காக அந்தக் கை பதறுகிறது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை. கயிற்றை விட்டான்.

மேலே வந்தபோது எட்டு வட்டில் மூழ்கி ஒன்பதாவது பாதி ஏறியிருந்தது. செள்ளை அதன்பின் வந்தாள். ஒன்பதாம் வட்டில் மூழ்கிய கணமும் அவள் தலை தெரிந்த கணமும் ஒன்றாயின. பாட்டில் அது நாற்பதாம் அலை. வேட்டனின் பழைய அளவு எதுவோ, செள்ளையின் அளவு அதுவே. ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

தனக்கு மூச்சு மிச்சமிருந்தது என்று வேட்டன் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. இவ்வோலை எழுதுபவன் நம்புகிறான். மேலே வந்ததும் வேட்டன் முதல் முறையாக வட்டிலைப் பார்க்கவில்லை. குமுதியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண் நீரின் மேல் இருந்தது. அந்த நீரில் இரண்டு கயிறு இருந்தன, இடையே கைநீளம்தான். அவள் எதைப் பார்த்தாள் என்று அவனால் சொல்ல முடியவில்லை. பின்னாளில் கடற்படியில் உட்கார்ந்து அவன் இதைச் சொன்னபோது, அவளிடம் கேட்டாயா என்று இவ்வோலை எழுதுபவன் கேட்டான். வேட்டன் கேட்கவில்லை என்றான்.

ஆகையால் வெண்கொற்றனார் செய்ய வேண்டுவது இது. உம்மிடம் வந்த முறையீட்டை ஏற்காதீர். மருத்துவச்சிகளைத் திருப்பி அனுப்புக. அந்தப் பெண் எந்தத் துறையில் குளித்து வந்தாளோ அத்துறையில் இன்றே குளிக்க, உம் மனையாளும் அவளோடு இறங்குக, ஊர் பார்க்கட்டும். முறையிட்டவனை ஒறுக்க வேண்டாம். அவனை அழைத்து, அவள் வென்றபோது அவன் எங்கே நின்றான், எதைப் பார்த்தான் என்று தனியே கேளும். நெய்தல்வாயில் வட்டிலும் பாட்டும் இருவருக்கும் தொடர்க. இது அரசர் ஆணை. இதை மாற்றுவார் எழுதுகோல் எடுக்குமுன் ஒருமுறை நீருக்குள் இறங்கிப் பார்க்கக் கடவர்.

இந்த ஆணைக்கு வெண்சங்கு இலச்சினை இட்டோம். ஓலையில் இன்னும் இடம் இருப்பதால், நீர் கேட்காத ஒன்றையும் எழுதி முடிக்கிறோம்.

செள்ளை ஆழக்கடல் உரிமை பெற்று நான்கு ஆண்டு முத்துக் குளித்தாள்; கணவன் திரும்பி வந்தபின் இருவரும் வடதுறைக்குக் குடிபோயினர், அங்கே அவளுக்கு ஒரு பெண் பிறந்து நலமாக இருக்கிறது. தலைமை மருத்துவச்சி இறந்துவிட்டாள். கோயில் முதியவர் இன்னும் அதே கருத்தோடு இருக்கிறார். வேட்டன் அதன்பின் ஒருமுறையும் வெல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் இறங்குகிறான். குமுதி முதல் தோணியில் நின்று பாடுகிறாள்.